தவளைக்கு ஆறு வோல்ட்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் முடிவு செய்தேன். அதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு கெமிஸ்ட்ரிக்காரர் இருக்கிறார். அவருடைய மைத்துனர் பழைய கார் பைத்தியம். ஏதோ சங்கம் வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு இதழ் போடுகிறார்களாமே, அதை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து, பதினான்காம் பக்கத்தைப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார். உன் பட்டறை, உன் மீசை, பக்கத்தில் தோலுரித்துப் போட்ட மாதிரி நம் தவளைக் கார். இரண்டாம் பத்தியை அவரே உரக்கப் படித்தார்: "மூத்த மகன் பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதால் எரிந்துபோன இந்தக் கார், இருபத்துநான்கு ஆண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது."

படித்துவிட்டு, "சார், நீங்கதானே அந்த மூத்த மகன்? பேட்டரிக்கு எத்தனை முனை சார்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எதற்குமே சிரிக்காத கணக்குப் பேராசிரியைகூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் இந்தக் கல்லூரியில் இருபத்துமூன்று வருஷமாக மின்சாரம் சொல்லித் தருகிறேன். நாளை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பையன் வரைக்கும் இது போயிருக்கும்.

அப்பா உயிரோடு இருந்தவரை இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆன பிறகு அந்த வேலையை நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். அதுவும் அச்சில், படத்தோடு.

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் தவளையைக் கொட்டகையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனாயே, அப்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நம் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்னை வழியில் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "என்ன சார், வண்டிய வித்துட்டீங்களா?" என்று கேட்டார். எங்கள் வண்டி எங்கே என்று எனக்கே தெரியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம்" என்றேன். உன்னால் பொய் சொன்னேன்.

இப்போது மட்டும் என் நினைவு வந்துவிட்டது. பழமை வாகனப் பதிவுக்கு இரண்டு வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறாய். ஏப்ரல் பதினைந்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவெண் அடியோடு ரத்து, வண்டி பழைய இரும்புக் கடைக்கு என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

படித்தேன். படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
பதினான்காம் பக்கத்து மூத்த மகன்


பிப்ரவரி 19

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். கவரெல்லாம் கிரீஸ். இத்தனை வருஷத்தில் உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அப்படியே இருக்கிறது, கோபமும் கையெழுத்தும்.

அந்த இதழ்க்காரன் விஷயம். நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "வீட்ல பேட்டரிய மாத்தி மாட்டிட்டாங்க, வயரிங் எரிஞ்சுபோச்சு." "யாரு, அப்பாவா?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். "நீங்களா?" என்றான். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் போன் வந்தது, எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் தகடு வேலை செய்யும் டிங்கரிடம் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் இல்லை என்றால் மூன்றாவது ஆள்தான் என்று அவனே எழுதிவிட்டான் போலிருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லாதது என் தப்பு.

வண்டியைக் கேட்காமல் எடுத்ததும் தப்புதான். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. இன்னொரு மழைக்குத் தாங்கியிருக்காது.

இப்போது நிலைமை சொல்கிறேன். என்ஜின் ஓடுகிறது. பாடி வேலை முடிந்தது. அடித்தட்டு மொத்தமும் புதுத் தகடு. இருக்கைக்கு அதே சிவப்பு ரெக்சின் கிடைத்தது. வயரிங் மட்டும்தான் பாக்கி. பழைய வயரைத் தொட்டால் துணியும் ரப்பரும் கையோடு உதிர்கிறது. எந்த நிறம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை, எல்லாம் கரி. நீங்கள் வீட்டை விட்டுப் போனபோது வண்டியின் கைப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். அதன் கடைசிப் பக்கத்தில் வயரிங் படம் இருக்கும். அதை அனுப்பினால் பெரிய உதவி.

படம் இல்லாவிட்டால் என் யோசனை வேறு. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம். ஆறு வோல்ட் பல்பு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. கிடைத்தாலும் மெழுகுவத்தி வெளிச்சம்தான். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டு, இப்போதைய வண்டி மாதிரி நெகட்டிவ்வைப் பாடியில் சேர்த்துவிட்டால் எனக்கு மூன்று நாள் வேலை. கதவுப் பக்கத்துக் கைகாட்டிகளை அடைத்துவிட்டு மின்னும் விளக்கு வைத்துவிடலாம்.

கையெழுத்தை யோசியுங்கள் அண்ணா.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பதினேழு வயது வரைக்கும் என்னை நீ, வா, போ என்றுதான் சொன்னாய். என் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போவாய். இந்த மரியாதை எப்போது முளைத்தது? கடன் கேட்க வருகிறவன்தான் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவான்.

அது கிடக்கட்டும். பன்னிரண்டு வோல்ட் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

நீ எலக்ட்ரீஷியன். பெயர்ப்பலகை வைத்திருக்கிறாய். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தைப் படித்தால் சொல்ல வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆறு வோல்ட் விளக்கு மங்கலாக எரிந்தால் அதற்குக் காரணம் வோல்ட் இல்லை, உன் சோம்பல். அதே வெளிச்சத்துக்கு ஆறு வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதற்குத் தடித்த வயர் வேண்டும். நீ இப்போதைய வண்டியின் மெல்லிய வயரைப் போட்டுப் பார்த்துவிட்டு விளக்கைக் குறை சொல்கிறாய். பேட்டரியிலிருந்து உடம்புக்கு வரும் பட்டை, விளக்கு உட்காரும் இடம், என்ஜினும் அடிச்சட்டமும் சேரும் இடம், இத்தனையிலும் துருவையும் பெயின்டையும் பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்டினாயா? வண்டியின் உடம்புதான் பாதி வயர். அந்தப் பாதியை அழுக்காக வைத்துக்கொண்டு மெழுகுவத்தி என்கிறாயே.

அடுத்தது, நெகட்டிவ். தவளை செய்யப்பட்ட காலத்தில் அந்தக் கம்பெனி பாசிட்டிவ் முனையைத்தான் உடம்போடு சேர்த்தது. இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். அது அப்படித்தான். நீயும் நானும் பிறக்குமுன் யாரோ யோசித்துச் செய்தது. அதை உன் மூன்று நாள் வசதிக்காகத் திருப்பிப் போடுவாயா? அப்படிச் செய்தால் வெளியே தவளை, உள்ளே நேற்று வாங்கிய வேன். கைகாட்டியை அடைப்பதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை. எழுதினால் காகிதம் கிழியும். வலது பக்கம் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து டக்கென்று அந்தச் சிவப்புக் கை நீள்வதைப் பார்க்கத்தான் தெருவே நின்றது. உனக்கு அது அடைக்க வேண்டிய ஓட்டை.

உன் அண்ணி இதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்துதான் போடமாட்டேங்கறீங்களே, வண்டி இரும்புக் கடைக்குப் போனா உங்களுக்கென்ன? அப்புறம் எதுக்கு உட்கார்ந்து வோல்ட்டு வோல்ட்டா எழுதறீங்க?" என்று கேட்டாள். தப்பைத் தப்பு என்று சொல்ல உறவு எதற்கு?

கைப்புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அனுப்புவதா என்று முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
முதல் வாரிசு


மார்ச் 3

அண்ணா,

எர்த் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். ஏழு இடம். தடித்த வயரும் போட்டேன். இடது விளக்கு மட்டும் இப்போதைக்குப் பழைய பல்பில் எரிகிறது. டிங்கர் கண்ணை மறைத்துக்கொண்டு, "யாருப்பா சொல்லிக் குடுத்தது?" என்றான். "எங்க அண்ணன், திட்டிக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு" என்றேன். சரி, நீங்கள் சொன்னதுதான் சரி. ஆறு வோல்ட்டாகவே செய்கிறேன். டைனமோவைப் புதிதாகச் சுற்றக் கொடுத்துவிட்டேன். துணி பின்னிய வயர் ஒரு ஆள் செய்து தருகிறார். கைகாட்டியும் இருக்கும்.

ஆனால் எனக்கும் வாய் இருக்கிறது அண்ணா. சோம்பேறி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா கடைசி பதினாலு மாதம் படுக்கையில் கிடந்தார். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, சவரம் செய்து, திரும்பப் படுக்கவைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடுவேன். அந்தச் சோம்பேறி நான்தான். "புரொபசர் லெட்டர் போட்டானா?" என்று கேட்பார். வரவில்லை என்றால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். அதனால் வந்தது என்று இரண்டு தடவை பொய் சொன்னேன். நீங்கள் என்னால் ஒரு பொய் சொன்னீர்கள், நான் உங்களால் இரண்டு.

காரியம் முடிந்த அன்று வாசலோடு வந்து வாசலோடு போனீர்கள். உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

புத்தகம் தராவிட்டாலும் எப்படியாவது வயரிங் செய்துவிடுவேன். கையெழுத்து இல்லாமல்தான் ஒன்றும் செய்ய முடியாது.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

கைப்புத்தகம் தனிப் பார்சலில் வருகிறது. பெருந்தன்மை என்று நினைக்காதே. நாற்பத்தோராம் பக்கத்தைத் திற. "பாசிட்டிவ் முனையை வண்டியின் உடம்போடு இணைக்கவும்" என்ற வரிக்கு அடியில் பென்சில் கோடு இருக்கிறது. அது என் கோடு. அன்று காலை போட்டது. அதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

பதினாலு மாதம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாய். மறுக்கவில்லை. ஆனால் நான் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியாத மாதிரி எழுதுகிறாய், அதுதான் பொறுக்கவில்லை. நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள். அலுவலகத்தில் அவருக்கு விருந்து. சொந்தக் காரில், மகன் ஓட்ட, போய் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் நாளே புது பேட்டரி வாங்கி வைத்திருந்தார். எனக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைக்காத இரண்டாவது வருஷம். "புரொபசர் சார், இதையாவது மாட்டுங்க பார்ப்போம்" என்றார். நான் புத்தகத்தை மட்கார்டின்மேல் பிரித்து வைத்துக்கொண்டு, பாசிட்டிவ்வை உடம்போடும் நெகட்டிவ்வை வயரோடும் மாட்டினேன். நீ பக்கத்தில் சாய்ந்து நின்று பார்த்தாய். பிறகு நான் குளிக்கப் போனேன். குளித்து, சட்டை மாற்றி வந்து, வண்டியைக் கிளப்பினேன். அப்பா என் பக்கத்தில், நீ பின்னால்.

மார்க்கெட் முனையில் ரப்பர் கருகும் வாடை வந்தது. பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. அப்பா இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். மொத்த மார்க்கெட்டும் கேட்கும்படி கத்தினார்: "நெகட்டிவ்வ கொண்டுபோய் பாடியில மாட்டியிருக்கான்! இதுக்காடா எம்.எஸ்சி. படிச்சே? உனக்கு எவன்டா வேலை குடுப்பான்?" தக்காளி லாரிக்காரன் முதல் கூலியாள் வரை சிரித்தார்கள். அப்பா அந்த லாரியிலேயே ஏறி, கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு தன் விருந்துக்குப் போனார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நெகட்டிவ்தான் உடம்பில் இருந்தது. நான் மாட்டியதற்கு நேர் எதிர். நீ பின் சீட்டில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாய். "அண்ணன் சரியாத்தான் மாட்டினான், நான் பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத் திரும்பித் திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா இல்லாத வீட்டில் மூன்று பேர். நான் மாற்றவில்லை, அது உறுதி. உனக்கு அப்பாவின் வண்டியைத் தொடும் தைரியம் கிடையாது. மிச்சம் யார்? நான் குளிக்கப் போனபிறகு அவரே போய், எனக்குத் தெரியாது என்று நினைத்து, மாற்றி மாட்டியிருக்கிறார். எரிந்ததும் பழியை என் தலையில் போட்டுவிட்டார். சாகும் வரைக்கும் அந்தப் பொய்யிலேயே இருந்தார்.

இதை அப்படியே அந்த இதழுக்கு எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. ஏப்ரல் முதல் தேதி தபாலில் சேர்ப்பேன். என் பெயரை அச்சில் ஏற்றியவர்கள் அப்பாவின் பெயரையும் ஏற்றட்டும். அவர் மகன்தானே நானும். அவரிடம் கற்றதுதான்.

இப்படிக்கு,
எம்.எஸ்சி.


மார்ச் 27

அண்ணா,

அதை அனுப்பாதே.

புத்தகமும் கடிதமும் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஏழெட்டுத் தடவை எழுத உட்கார்ந்தேன். பட்டறையில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். டிங்கர் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

அப்பா இல்லை. மாற்றியது நான்தான்.

அப்போது பள்ளிக்கூடம் விட்டால் நான் லாரி பட்டறைக்குப் போவேன், ஞாபகம் இருக்கா? அங்கே வருகிற வண்டி எல்லாவற்றிலும் நெகட்டிவ்தான் பாடியில் இருக்கும். வேறு மாதிரி ஒரு வண்டி உலகத்தில் உண்டு என்றே எனக்குத் தெரியாது. நீ பாசிட்டிவ்வைப் பாடியில் மாட்டியதைப் பார்த்தேன். அண்ணன் படித்தவன், ஆனால் வண்டியில் கை வைத்ததில்லை, தப்பாக மாட்டிவிட்டான், அப்பா பார்த்தால் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். வேலை கிடைக்காததற்கே உன்னைத் தினமும் குத்திக்கொண்டிருந்தார். நீ குளிக்கப் போன நேரத்தில் ஸ்பானரை எடுத்து மாற்றிவிட்டேன். உன்னிடம் சொன்னால் சங்கடப்படுவாய் என்று சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

கவரில் ஒரு தகரத் துண்டு இருக்கிறது பார். பேட்டரியில் பாசிட்டிவ் முனை தடிமன், நெகட்டிவ் கொஞ்சம் மெலிசு. வயரின் பெரிய கவ்வி மெலிசு முனையில் ஆடியது. கிரீஸ் டப்பா மூடியை வெட்டி மடித்து உள்ளே சொருகினேன். சின்னக் கவ்வியை ஸ்குரூ டிரைவரால் நெம்பி அகலமாக்கித் தட்டி இறக்கினேன். மாட்டாதே என்று வண்டியே சொல்லியிருக்கிறது, எனக்குப் புரியவில்லை. போன வருஷம் கவ்வியைக் கழற்றும்போது அந்தத் தகரம் அப்படியே விழுந்தது. தூக்கிப் போட்டிருக்கலாம். முடியவில்லை.

மார்க்கெட் முனையில் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். அப்பா உன்னைத் திட்டக் கூடாது என்று மாற்றினேன். அப்புறம் அப்பா என்னைத் திட்டக் கூடாது என்று மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் மத்தியானம் நான் வருவதற்குள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் சொல்வதற்கு ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அப்பாவிடமும் சொல்லவில்லை. தெரியாமலே அவர் போய்விட்டார்.

இப்போதும் எந்த வண்டியிலும் பேட்டரியில் கை வைக்குமுன் இரண்டு தடவை கேட்பேன். "முதலாளிக்கு இன்னும் பிளஸ் மைனஸ் தெரியாது" என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள்.

இதழுக்கு நானே எழுதிவிடுகிறேன், என் பெயர் போட்டு. கையெழுத்துப் போட மனம் இல்லை என்றால் போடாதே. வண்டி இரும்புக் கடைக்கே போகட்டும், நான் கேட்கமாட்டேன். அப்பாவைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே அண்ணா. அந்தத் தப்பு அவருடையது இல்லை.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் கோபம் வேறு வேறு இடத்தில் வந்தது.

அதிகமாக வந்தது எங்கே தெரியுமா? 'அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன்' என்ற இடத்தில். நீ என்மேல் பொறாமைப்பட்டுச் செய்திருந்தால், விளையாட்டுக்குச் செய்திருந்தால், நான் நிம்மதியாக உன்னைத் தலைமுழுகியிருப்பேன். பாசத்தினால் செய்தேன் என்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இருபத்தாறு வருஷமாக ஒரு கோபத்தைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறேன். அதைக்கூட நீ உருப்படியாக விட்டுவைக்கவில்லை.

ஏன் என்னைக் கேட்கவில்லை? பதினேழு வயதில் உனக்கு வாய் இல்லையா? குளியலறைக் கதவைத் தட்டி, "அண்ணா, இது தப்பில்லையா?" என்று கேட்டிருந்தால், புத்தகத்தைப் பார் மடையா என்று சொல்லியிருப்பேன். புத்தகம் மட்கார்டின்மேல் விரித்தபடியே கிடந்தது. கோடு போட்டு வைத்திருந்தேன். நீ அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்திருப்பாய்.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் உதவியாளர் இருக்கிறார். நான் கரும்பலகையில் சுற்றை வரைவேன், அவர் வயர்களை மாட்டுவார். இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு டார்ச் செல்லைக்கூட நான் மாணவர்கள் எதிரில் மாட்டியதில்லை. சார், கையில் அழுக்குப் படக் கூடாது என்று நினைப்பவர் என்று அவர்களுக்குள் பேச்சு. இதழுக்கு எழுதிய கடிதத்தில் 'அது உறுதி' என்று எழுதினேன் அல்லவா? எனக்கு எதுவும் உறுதியாக இருந்ததில்லை. பாசிட்டிவ்வை உடம்போடு மாட்டியதாக நினைவு. பானெட்டைத் தூக்கினால் கண்ணுக்கு முன்னால் நெகட்டிவ். அப்பாவை நம்புவதா, கண்ணை நம்புவதா, கையை நம்புவதா? கையை நம்புவதைத்தான் விட்டேன். அப்பாமேல் பழி போட்டது கூட, அப்படி யாராவது ஒருவர் செய்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையினால்.

நேற்று உதவியாளரை நகரச் சொல்லிவிட்டு நானே மாட்டினேன். மின்னோட்டம் காட்டும் கால்வனோமீட்டரின் முள் சரியான பக்கம் சாய்ந்தது. "பரவாயில்லையே சார்" என்றார். அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது.

அந்த முள்ளைப் பார்த்தபோதுதான், இதையும் எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. அன்று காலை சாவியைத் திருகினேன். என்ஜின் இன்னும் ஓடவில்லை. டேஷ்போர்டில் அம்மீட்டரின் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. டிஸ்சார்ஜ் பக்கம்தான் சாய வேண்டும். என்ஜினே ஓடாதபோது பேட்டரிக்கு சார்ஜ் எங்கிருந்து வரும்? எம்.எஸ்சி. வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பையன் கேட்பான் இந்தக் கேள்வியை. எனக்கும் தோன்றியது. பார்த்தேன் தம்பி. பேட்டரி திரும்பியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இறங்கிப் பார்க்கலாம் என்று கதவில் கை வைத்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். "என்ன புரொபசர், கிளம்புமா, இல்ல இதுக்கும் பரீட்சை எழுதணுமா?" என்றார். கையை எடுத்துவிட்டுக் கிளப்பினேன். மார்க்கெட் வரைக்கும் முள் சார்ஜ் பக்கத்துக் கடைசியில் முட்டிக்கொண்டே நின்றது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணியிடம்கூட.

இதனால் நீ செய்தது குறைந்துவிட்டது என்று கணக்குப் போடாதே. நீ மாற்றியிருக்காவிட்டால் முள் தப்பாகச் சாய்ந்திருக்காது. உன் மௌனத்துக்கு என் மௌனம் ஈடில்லை. உன்னுடையது இருபத்தாறு வருஷம் இன்னொருவன் தலையில் உட்கார்ந்திருந்தது. இதையும் எழுதுகிறபோது எனக்கு என் குரலே அப்பாவின் குரல் மாதிரி கேட்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

இதழுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீயும் எழுதாதே. எழுதினால் கெமிஸ்ட்ரிக்காரர் அதையும் கொண்டுவந்து படிப்பார், எல்லோரும் எனக்காகப் பரிதாபப்படுவார்கள். சிரிப்பையாவது தாங்கிக்கொள்ளலாம்.

வண்டியைப் பற்றி ஒன்றே ஒன்று. டைனமோவைப் புதிதாகச் சுற்றியிருக்கிறாய். அதற்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று இப்போது தெரியாது. ஓட விடுவதற்கு முன், அதன் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையில் ஒரே ஒரு நொடி தொட்டு எடு. பொறி பறக்கும், பயப்படாதே. இதைச் செய்யாமல் கிளப்பினால் மறுபடியும் எரியும். யாரையும் இரண்டு தடவை கேட்க வேண்டாம். நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்துக்கொள், போதும்.

படிவத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பென்சில் குறிகளை அழித்துவிட்டேன். இத்துடன் வருகிறது. பதினைந்தாம் தேதிக்கு முன் கொண்டுபோய்க் கொடு. கடைசி நாள் வரை வைத்திருக்கும் உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தின் அடியில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். 'உன் அண்ணன்' என்று போட்டால் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்வாய். இன்னும் மன்னிக்கவில்லை. பெயரை மட்டும் எழுதினால் வங்கி மேலாளருக்கு எழுதின மாதிரி இருக்கும். குத்தலாக ஏதாவது போடலாம் என்று பார்த்தேன், இன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. நாலு மணிக்குத் தபால் எடுக்க வந்துவிடுவார்கள். கையெழுத்தில்லாமலே கொண்டுபோய்ப் போடுகிறேன்.